தலைக்குடம்

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. அந்த விசிறியை இப்படிக் கொடுத்துவிட்டு, காலை நீட்ட இடம் போதுமா என்று பாருங்க. இன்றைக்கு ஒரு சாவுக் கதை சொல்லப் போகிறேன். பயப்படாதீங்க. இரண்டு ஓரகத்திகள், ஒரு ஊருணி, ஒரு கிணறு, கொஞ்சம் வீம்பு. கதையில் இருக்கிறது இவ்வளவுதான். கேட்டு முடித்ததும் எழுந்து போய் ஒரு செம்புத் தண்ணீர் குடிக்கத் தோன்றும். தோன்றினால் குடியுங்கள்.

பொன்னுத்தாய் ஊருணியின் கடைசிப் படியில் குனிந்து, பித்தளைக் குடத்தைச் சாய்த்து, அதன் விளிம்பால் மேல்தண்ணீரை ஒதுக்கிவிட்டு முக்கிக்கொண்டிருந்தாள். குடம் நிறைகிற சத்தத்துக்குள் ஊர்ப் பக்கமிருந்து சங்கு ஊதியது முதலில் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி ஊதினார்கள். அவள் குடத்தைப் படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

யாருக்கு என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தைப் பொங்கலிலிருந்து அந்த ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தது ஒருத்திதான்.

ஊருணியில் மொண்ட தண்ணீரைத் திரும்ப ஊருணிக்குள் ஊற்றக் கூடாது. குடிக்கிற தண்ணீருக்கு அந்த ஊர் வைத்திருந்த கட்டுப்பாடு அது. பங்காளி வீட்டில் சாவு விழுந்துவிட்டால் மொண்ட தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. பொன்னுத்தாய் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்து, மருதமரத்து வேரடியில் மெதுவாகச் சாய்த்தாள். மாசி மாதத்து மண் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. வெறுங்குடத்தோடு அவள் ஊருணியிலிருந்து திரும்பியது அன்றைக்குத்தான்.

இது நடந்தது அன்னவாசலுக்கு மேற்கே காஞ்சிராம்பட்டியில். புதுக்கோட்டை ராஜாவின் நாடு போய், இந்தியாவோடு சேர்ந்து, பதினைந்து வருஷம் போல ஆகியிருந்தது. பஸ் வந்திருந்தது. தெருமுனையில் கரண்டுக் கம்பம் வந்திருந்தது. ஊர் நடுவில் பஞ்சாயத்துக் கிணறு வந்திருந்தது. கதையே அந்தக் கிணற்றிலிருந்துதான்.

பொன்னுத்தாயின் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி. அவருடைய தம்பி நல்லதம்பி. நல்லதம்பி கட்டிக்கொண்டு வந்தவள் செங்கமலம். அண்ணன் தம்பிக்கு முன்பு ஒரே வீடு, ஒரே உலை. செங்கமலம் பிறந்த ஊரில் வீட்டு வாசலிலேயே கிணறு; தலையில் குடம் வைத்துப் பழக்கமில்லாதவள். கல்யாணமாகி வந்த மறுநாள் விடிகாலை ஊருணிப் படியிலேயே சீர்க்குடத்தைக் கீழே போட்டாள். குடத்தின் வயிற்றில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சொட்டை விழுந்துவிட்டது. அவள் அழ ஆரம்பிக்க, பொன்னுத்தாய் குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"விடு. இடுப்புல வைக்க எடம் வாகா ஆயிருச்சு."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் தண்ணீருக்குப் போனார்கள். நிறைகுடத்தைத் தலையில் ஏற்ற இன்னொரு ஆள் வேண்டும். ஒருத்தி குனிந்து கொடுக்க, மற்றவள் ஒரு கையை அடியிலும் ஒரு கையைக் கழுத்திலும் கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். அதன்பிறகு இடுப்புக் குடம். "ஒரு கை குடுங்கக்கா" என்பாள் செங்கமலம். "இந்தா" என்பாள் பொன்னுத்தாய். இருபது வருஷத்துக்கு மேல் அவர்களுடைய பொழுது இப்படித்தான் விடிந்தது.

என்னென்ன பேச்சு அந்தக் கரையில்! யார் வீட்டு நெல்லு எப்படி, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், நவராத்திரிக்குப் புதுக்கோட்டை அரண்மனையில் தானமாகக் கொடுக்கிற அரிசி வாங்கப் போகிற வண்டியில் யார் யாருக்கு இடம் என்பதெல்லாம் அந்தப் படியில்தான் முடிவாகும். ராஜா நாட்டை ஒப்படைத்துவிட்ட செய்தியும் தண்ணீர் மொள்ளும்போதுதான் வந்தது. ஒரு கிழவி, "இனிமே யாருடியம்மா நமக்கு ராசா?" என்று கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். செங்கமலம் குடத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"டில்லிக்காரங்க ஊருணியையுமா தூக்கிட்டுப் போகப் போறாங்க? பொழுதாகுது, குடத்தப் புடிங்கக்கா."

ஊருணியை யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் ஊருணி வெள்ளைச்சாமியின் கையை விட்டுப் போனது. சமஸ்தானத்தின் காலத்தில் ஊருணி மேற்பார்வை அவர்கள் குடும்பத்துக்கு. கோடையில் வீட்டுக்கு ஒரு ஆள் கூப்பிட்டுச் சேறு அள்ள வைப்பது, செருப்போடு இறங்குகிறவனை விரட்டுவது, கரையில் மாடு ஏறாமல் பார்ப்பது எல்லாம் அவர்தான். அதற்காக அம்மன் கோயிலில் முதல் விபூதி அவருக்கு. பஞ்சாயத்து வந்தபிறகு மேற்பார்வைக்குத் தனி ஆள் எதற்கு என்றார்கள். நல்லதம்பி பஞ்சாயத்து மெம்பராகி, அலைந்து திரிந்து, சர்க்கார் செலவில் ராட்டினம் போட்ட கிணற்றைக் கொண்டுவந்தார். நல்ல காரியம்தான். பெண்கள் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம் என்றுதான் செய்தார்.

கிணறு திறந்த அன்றைக்கு ஜீப்பில் ஆபீசர் வந்தார். முதல் வாளித் தண்ணீரை நல்லதம்பி ஆசையாக அண்ணன் கையில் கொடுத்தார். வெள்ளைச்சாமி அதை வாங்கி, எல்லோரும் பார்க்கத் தரையில் கொட்டினார்.

"எங்க வீட்டுப் பானையில இந்தத் தண்ணி ஏறாது."

நல்லதம்பிக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப இந்தத் தண்ணி குடிக்கிறவன் ஒங்க வீட்டு நல்லதுக்கும் வர மாட்டான், கெட்டதுக்கும் வர மாட்டான். நீங்களும் வர வேணாம்" என்றார்.

சொன்ன சொல்லை இரண்டு பேருமே விழுங்கவில்லை. அந்த மாதமே முற்றத்தின் குறுக்கே மண்சுவர் எழும்பிற்று. ஒரு வீடு இரண்டானது. ஓரகத்திகள் பேசக் கூடாது என்று இருபக்கமும் உத்தரவு.

அதற்கப்புறம் ஊரே கிணற்றுக்கு மாறியது. வாளியால் இறைத்து, கைப்பிடிச் சுவரில் குடத்தை வைத்து, அப்படியே இடுப்புக்குச் சரித்துக்கொண்டால் போதும். யார் கையும் யாருக்கும் வேண்டாம். அவ்வளவு தூரம் நடந்து ஊருணிக்குப் போகிறவள் பொன்னுத்தாய் ஒருத்தியாகிவிட்டாள். முதல் நாள் இரண்டு குடத்தையும் நிறைத்து வைத்துவிட்டு, தலைக்குடத்தை எப்படி ஏற்றுவது என்று படியில் நின்றாள். அப்போது கரையில் ஆள் வருகிற சத்தம் கேட்டது. சொட்டை விழுந்த குடமும் இன்னொன்றுமாகச் செங்கமலம் இறங்கி வந்தாள். பேசவில்லை. வந்தாள், பொன்னுத்தாயின் குடத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள், தன் குடங்களை நிறைத்தாள். பொன்னுத்தாய் இடுப்புக் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அவளுக்குக் கை கொடுத்தாள். பேசத்தானே கூடாது?

கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை, அதனால் செங்கமலம் ஊருணிக்குப் போகிறாள் என்று ஊரில் சொன்னார்கள். செங்கமலமே அப்படிச் சொல்கிறாளாம். பொன்னுத்தாயும் அதை நம்பினாள். மழையோ பனியோ, ஒரு நாள் தவறாமல் அவள் வந்தாள். பருப்புக்காக வருகிறாள், வந்த இடத்தில் ஒரு கை கொடுக்கிறாள் என்றுதான் பொன்னுத்தாய் நினைத்துக்கொண்டாள். சில நாள் அது வருத்தமாகக்கூட இருந்தது.

பொங்கலோடு அவள் வருவது நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்கத் தொடங்கியது. பொன்னுத்தாய் ஒற்றைக் குடமாக இரண்டு நடை நடந்தாள். சாயங்காலம் இருமல் கூடுகிறபோது, அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அம்மியில் குழவியைச் சத்தமாக இழுப்பாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது வெறுங்குடத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவள் வெள்ளைச்சாமியைப் பார்த்தாள். முற்றத்தில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சுவருக்கு மேலே ஒப்பாரி எழுந்து எழுந்து தாழ்ந்தது. அவர் தலையைத் தூக்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றாள்.

"கேட்டுச்சு."

"நாம…"

"நாம ஒண்ணுமில்ல. கெட்டதுக்கும் வர வேணாம்னுதானே சொன்னான்."

பொன்னுத்தாய் வீட்டுக்குள் போய்ப் பானைத் தண்ணீர் முழுவதையும் கொல்லையில் கொட்டினாள். பானையைக் கவிழ்த்து வைத்தாள். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வெயில் முற்றத்துக்கு வந்தபோது பிச்சையம்மாள் வந்தாள். அண்ணன் தம்பிக்கு ஒரே தங்கை அவள், கொடும்பாளூரில் கட்டிக்கொடுத்தது. அன்னவாசலில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்து, அந்த வீட்டில் மாரடித்து அழுதுவிட்டு, கண்ணைத் துடைத்த சேலைத் தலைப்போடு இந்த வீட்டு வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால், ஊரின் நல்லது கெட்டதுகளை முன்னின்று நடத்துகிற ராக்கன் நின்றார்.

"அண்ணே, அங்கிட்டு ஒருத்தி கண்ண மூடிக் கெடக்கா. இங்கிட்டு ஒக்காந்து கயிறு திரிக்கிறியே. யாரக் கட்டப் போற?"

"நீ போயி ஆக வேண்டியதப் பாரு, பிச்ச."

"ஆக வேண்டியது இங்கதான் நிக்குது. ராக்கண்ணே, சொல்லுங்க."

ராக்கன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியாதது இல்லைங்க. சுமங்கலியாப் போயிருக்காங்க. குளிப்பாட்ட ஊருணித் தண்ணி வரணும். மொதக் குடம் மூத்த ஓரகத்தி தலையில வரணும். அவங்க எடுக்காம மத்த பங்காளி வீட்டுப் பொம்பளைங்க குடத்தத் தொட மாட்டேங்கிறாங்க. வெயிலும் ஏறிக்கிட்டே போகுது."

"அவன் வந்து கூப்புடட்டும்."

"நல்லாருக்குண்ணே!" என்றாள் பிச்சையம்மாள். "எழவுக்கு வெத்தல பாக்கு வச்சுக் கூப்புடணுமா? மேளத்தோட வரச் சொல்லவா?"

"அன்னிக்கு அவன் சொன்னத ஊரே கேட்டுச்சு."

"நீ வாளியக் கவுத்தத ஊரு பாக்கலையாக்கும்? நீ கேட்டதையே புடிச்சுக்கிட்ட, அவன் பாத்ததையே புடிச்சுக்கிட்டான். நடுவுல கெடந்து அல்லாடுனது இந்தப் பொம்பளைக ரெண்டும்."

வெள்ளைச்சாமியின் கை நின்றது. மறுபடி திரிக்கத் தொடங்கியது.

"கெணறு வெட்டுனவன் கெணத்துத் தண்ணியவே ஊத்திக் குளிப்பாட்டட்டும்."

பிச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ராக்கன் தரையைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஒப்பாரிகூட அந்த நேரம் பார்த்துத் தணிந்திருந்தது. நல்லதம்பிக்கு நிச்சயம் கேட்டிருக்கும்.

உள்ளே பொன்னுத்தாய் எழுந்தாள். பழைய துணியை எடுத்து முறுக்கிச் சும்மாடு சுற்றினாள். கொல்லையில் கவிழ்ந்திருந்த பித்தளைக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். வெள்ளைச்சாமி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க கெளம்பிட்ட?"

"ஊருணிக்கு."

"காலையிலயே போயிட்டு வந்தியே?"

"எல்லாத்தையும் கொட்டியாச்சு. வீட்டுல குடிக்க ஒரு சொட்டு இல்ல. எப்பவும் போற எடந்தானே."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சும்மாட்டைச் சரிசெய்துகொண்டாள். கிணற்றுக்குப் போகாதே என்று அவர் சொல்லியிருக்கிறார். ஓரகத்தியோடு பேசாதே என்று சொல்லியிருக்கிறார். ஊருணிக்குப் போகாதே என்று அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. அவர் வீம்பு முழுவதும் அந்த ஊருணிக்காகத்தானே?

"வாரேங்க" என்று சொல்லிவிட்டு அவள் படி இறங்கினாள். அழுகிற முகமா சிரிக்கிற முகமா என்று தெரியாத ஒரு முகத்தோடு பிச்சையம்மாள் பின்னாலேயே ஓடினாள்.

பொன்னுத்தாய் குடத்தோடு தெருவில் நடப்பதைப் பார்த்ததும் பங்காளி வீடுகளிலிருந்து ஒவ்வொருத்தியாகக் குடத்தை எடுத்துக்கொண்டு சேர்ந்தார்கள். கிணற்றைத் தாண்டும்போது ராட்டினத்தில் ஒரு காக்கை உட்கார்ந்திருந்தது. கடைசியாக ஓடி வந்தவள் மீனம்மாள், செங்கமலத்தின் மருமகள். அழுது வீங்கிய முகம். இடுப்பில் அந்தச் சொட்டைக் குடம்.

அவ்வளவு பெண்கள் ஒன்றாக அந்தப் படியில் இறங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. இளையவர்களில் பாதிப் பேருக்கு எந்தப் படி வழுக்கும் என்றே தெரியவில்லை. பொன்னுத்தாய் முதல் குடத்தை முக்கி எடுத்தாள். படியில் வைத்தாள். வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில், ஒன்றும் சொல்லாமல் தலையைச் சற்றுக் குனிந்து நின்றாள்.

யாருக்கும் புரியவில்லை. பிறகு மீனம்மாள் பதறி வந்து குடத்தைப் பிடித்தாள். இரண்டு கையாலும் வாய்விளிம்பைப் பிடித்துத் தூக்க, தண்ணீர் தளும்பி இரண்டு பேர் மேலும் கொட்டியது.

"ஏத்தா, குடத்தத் தூக்கச் சொன்னா கோழியப் புடிக்கிற மாதிரி புடிக்கிறியே" என்றாள் பிச்சையம்மாள்.

"எனக்குப் பழக்கமில்ல சின்னம்மா. அத்தை என்னைய ஒரு நாளும் இங்கிட்டு விட்டதில்ல. ஒனக்குக் கெணத்துத் தண்ணியே போதும்பாங்க."

"அவளுக்கு மட்டும் ஊருணித் தண்ணி கேட்டுச்சாக்கும்! கெணத்துத் தண்ணியில பருப்பு வேக மாட்டேங்குதுன்னு கொடும்பாளூர் வரைக்கும் வந்து சொன்னாளே."

மீனம்மாள் மூக்கைத் துடைத்தாள். "பருப்பு நல்லாத்தான் வேகும் சின்னம்மா. ஆக்குறது, குடிக்கிறது, எல்லாம் கெணத்துத் தண்ணிதான் எங்க வீட்டுல. அத்தை கொண்டார தண்ணிய நேரா மாட்டுத் தொட்டியில ஊத்திருவாங்க. காளைக்கு இதுதான் பிடிக்குமாம்."

"மாட்டுக்கா?" பிச்சையம்மாள் சுற்றி இருந்தவர்களைப் பார்த்தாள். "ரெண்டு குடத்த இம்புட்டுத் தூரம் சொமந்து மாட்டுக்கா ஊத்துனா? வருசக்கணக்காவா? அவளுக்கென்ன கிறுக்கா புடிச்சிருந்துச்சு?"

சிலர் உதட்டோரமாகச் சிரித்தார்கள். பிறகு, ஒருத்தி பொன்னுத்தாயின் முகத்தைப் பார்த்தாள், அடுத்தவளும் பார்த்தாள், சிரிப்பு அடங்கியது. பிச்சையம்மாளும் பார்த்தாள். சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

பொன்னுத்தாய் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தலையில் குடம் இருந்ததால் குனிய முடியாது. குடத்திலிருந்து நெற்றியில் வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை.

"கழுத்துல ஒரு கை. அடியில ஒரு கை" என்றாள். "மத்தவங்களுக்கும் தூக்கிவிடு ஆத்தா. பொழுதாகுது."

வரிசையாகத் திரும்பினார்கள். முதல் குடத்தை வழியில் இறக்கக் கூடாது. பொன்னுத்தாய் கழுத்து அசையாமல் நடந்தாள். அந்தப் பாதையில் அவள் காலுக்கு எல்லாம் தெரியும். எங்கே பள்ளம், எங்கே வேர், எங்கே செங்கமலம் வழக்கமாக நின்று மூச்சு வாங்குவாள், எல்லாம். தெருவில் இரண்டு வாசல்கள். இடது பக்கம் அவளுடையது. வாசலில் வெள்ளைச்சாமி எழுந்து நின்றுகொண்டிருந்தார், கையில் பாதி திரித்த கயிறு. அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்க்க, கழுத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினால் தண்ணீர் சிந்தும். நேராக அடுத்த வாசலுக்குள் நுழைந்தாள்.

பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற நல்லதம்பி அவளைப் பார்த்ததும் விலகி வழிவிட்டார்.

"வாங்க மதினி" என்றார்.

கொல்லைப் பக்கம் சேலையை மறைப்பாகக் கட்டியிருந்தார்கள். செங்கமலத்தை மரப்பலகையில் கிடத்தியிருந்தார்கள். முகம் சிறுத்துப் போயிருந்தது. உச்சந்தலையில், வகிடு முடிகிற இடத்தில், சும்மாடு இருந்து இருந்து தேய்ந்த வட்டம் அப்படியே இருந்தது. பொன்னுத்தாய் தன் தலையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு தண்ணீரை ஊற்றினாள். அவசரப்படவில்லை. பச்சைப் பிள்ளைக்கு ஊற்றுவதுபோல், கையை இடையில் கொடுத்துக் கொடுத்து ஊற்றினாள். பின்னால் வந்த குடங்களையும் ஒவ்வொன்றாக வாங்கி, கடைசிச் சொட்டு வரை கவிழ்த்தாள். சொட்டைக் குடம் கடைசியாக வந்தது.

முதுகைத் துடைக்கத் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. மீனம்மாளால் தனியாக முடியவில்லை.

"பெரியத்தை, ஒரு கை குடுங்க."

பொன்னுத்தாய் ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்தாள்.

"இந்தா" என்றாள்.

அவள் சொன்னது மீனம்மாளிடமா என்று மீனம்மாளுக்கே தெரியவில்லை. தூக்கியபோது, ஒரு நிறைகுடத்தின் கனம்கூட இல்லை.

பாடை தெருவில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. வெள்ளைச்சாமியின் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். முன்னால் போனவர்கள் அந்த இடத்தில் நடையைக் கொஞ்சம் குறைத்தார்கள். வெள்ளைச்சாமி அங்கேதான் நின்றார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது. பாடை போயிற்று, நல்லதம்பி போனார், மற்றவர்கள் போனார்கள். எல்லோரும் போனபின், கடைசி ஆளுக்கும் பத்தடி பின்னால், அவர் நடக்க ஆரம்பித்தார். கயிறு வாசலிலேயே கிடந்தது.

காரியம் முடிந்து, கண்மாயில் தலை முழுகிவிட்டு ஆண்கள் ஈரத்துணியோடு திரும்பி வந்தார்கள். வெள்ளைச்சாமி தம்பி வீட்டு வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. காலையிலிருந்து அவர் வாயில் ஒன்றும் படவில்லை என்பது பொன்னுத்தாய்க்குத் தெரியும். நிலைப்படி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லதம்பி உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து அண்ணன் முன்னால் நீட்டினார்.

"குடிங்கண்ணே. நாக்கு வறண்டிருக்கும்."

வெள்ளைச்சாமி செம்பைப் பார்த்தார். கை நீளவில்லை.

"ஊருணித் தண்ணிதாண்ணே" என்றார் நல்லதம்பி. "மதினி கொண்டாந்தது."

வெள்ளைச்சாமியின் கண் நிலைப்படிக்குப் போயிற்று. பொன்னுத்தாய் கொண்டுவந்த தண்ணீர் முழுவதும் செங்கமலத்தின் மேல் ஊற்றியாகிவிட்டது. அந்த வீட்டில் ஊருணித் தண்ணீர் ஒரு சொட்டு மிச்சமில்லை. ஊற்றியவளுக்கு அது தெரியாதா? அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தாமல் நின்றாள்.

அவர் செம்பை வாங்கினார். ஊருணித் தண்ணீர் கோடையில் எப்படி இருக்கும், புது மழைக்கு எப்படி இருக்கும், மருதமரத்து இலை விழுகிற மாதத்தில் எப்படி இருக்கும் என்று நாக்கில் வைத்தே சொல்லிவிடுகிற மனுஷர். முதல் வாய் உள்ளே போனதும் ஒரு நொடி நின்றார். அப்புறம் அண்ணாந்து கடகடவென்று குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ம். ஊருணித் தண்ணிதான்" என்றார்.

வெறும் செம்பை நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் கொண்டா, தம்பி."

நல்லதம்பி செம்பை வாங்கிக்கொண்டு வேகமாக உள்ளே போய்விட்டார். திரும்பி வர நேரமாயிற்று. வெள்ளைச்சாமி பந்தலுக்குள் வந்து ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தார். பிச்சையம்மாள் மட்டும் மூக்கைச் சத்தமாக உறிஞ்சினாள்.

மறுநாள் விடிகாலை பொன்னுத்தாய் ஊருணிக்குப் போனாள். மீனம்மாளிடம் முந்தின சாயங்காலமே கேட்டு வாங்கி வைத்திருந்தாள் அந்தச் சொட்டைக் குடத்தை. அதை மட்டும்தான் கொண்டுபோனாள். பனி இன்னும் தண்ணீர் மேலேயே கிடந்தது. விளிம்பால் ஒதுக்கி, முக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டாள். சொட்டை விழுந்த இடம் இடுப்புக்கு வாகாகத்தான் இருந்தது.

திரும்பி வந்து, தன் வாசலைத் தாண்டி, அடுத்த வீட்டுக் கொல்லைக்குப் போனாள். காளை படுத்திருந்தது. மாட்டுத் தொட்டியில் தண்ணீரை ஊற்றினாள். சத்தம் கேட்டுக் காளை எழுந்து வந்து மூக்கை நுழைத்துக் குடித்தது. பாதியில் நிறுத்தி, சொட்டுகிற வாயோடு தலையைத் தூக்கி, அவளைத் தாண்டி, ஊருணிப் பாதையைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றது. பிறகு குனிந்து மிச்சத்தையும் குடித்தது. பொன்னுத்தாய் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு, அது குடித்து முடிக்கிறவரை நின்றாள்.

எழுந்திருங்க கண்ணுகளா, நேரமாயிற்று. உங்கள் வீட்டுக் குடங்கள் என்றைக்கும் நிறைந்திருக்கட்டும். நீங்கள் தலையைக் குனிகிற நேரம், கேட்காமலே வந்து தூக்கிவிட ஒரு கை பக்கத்தில் இருக்கட்டும். மாட்டுத் தொட்டிகூட உங்கள் வீட்டில் வறண்டு கிடக்காமல் இருக்கட்டும்.